கம்பெனி லிக்விடேஷனுக்குப் போய்விட்டது. 5 மாதச் சம்பளப் பாக்கி வருமா?

அம்பத்தூர்க் கணக்கர்:
11 வருடமாக நான் கணக்கு எழுதிய வார்ப்புப் பட்டறையைக் கலைக்க என்சிஎல்டி (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) உத்தரவு போட்டுவிட்டது. பேரேட்டில் இயந்திரங்கள் 1.60 கோடிக்கு நிற்கின்றன. வங்கிக் கடன் 2.70 கோடி, தொழிலாளர் பாக்கி 30 லட்சம். "நமக்கு என்ன சார் வரும்?" என்று உலைக்காரர்கள் தினமும் போன் செய்கிறார்கள். அப்புறம், நான் ஸ்டாஃப். அவர்களுக்குப் பின்னால்தானா?

பழைய பேரேடு:
தம்பி, கலைக்கிற கம்பெனியின் சொத்தை விற்றுப் பாக்கிகளைத் தீர்க்கும் லிக்விடேட்டரின் ஆபீசில் 4 வருடம் கிளெய்ம் (பாக்கி கேட்கும் மனு) சரிபார்த்தவன் நான். அந்த 1.60 கோடியை விடுங்கள், அது ஓடுகிற கம்பெனியின் மதிப்பு. இனி ஏலத்தில் வருவதுதான் கணக்கு.

எல்லாம் விற்று 90 லட்சம் வந்தது என்று வையுங்கள். காவலாளி சம்பளம், ஏலச் செலவு, லிக்விடேட்டர் கட்டணம் முதலில் போகும். 15 லட்சம் என்போம். மிச்சம் 75. திவால் சட்டம் 53-வது பிரிவில் அடுத்த படியில் இருவர் சமமாக நிற்கிறார்கள்: கடைசி 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானச் சொத்தைத் தானே விற்காமல் பொது விற்பனைக்கு விட்டுக்கொடுத்த வங்கி. இரண்டும் சேர்ந்து 3 கோடி. ஆக ரூபாய்க்கு 25 பைசா. தொழிலாளர்களுக்கு 7.50 லட்சம், வங்கிக்கு 67.50. அதோடு பணம் தீர்ந்தது. ஸ்டாஃபின் 12 மாதச் சம்பளம் அதற்குக் கீழ்ப் படி.

அதனால்தான் கேட்கிறேன்: செக்கில் கையெழுத்துப் போடுவது, லீவு கொடுப்பது எல்லாம் உங்கள் கையில் இருந்ததா?

அம்பத்தூர்க் கணக்கர்:
இல்லை சார். டேலியில் பதிவு, வவுச்சர், பிஎஃப் சலான். அவ்வளவுதான்.

பழைய பேரேடு:
அப்படியானால் 'ஸ்டாஃப்' என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 1947-ம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் விளக்கத்தில் எழுத்தர் வேலையும் தொழிலாளர் வேலைதான்; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அப்படியே. பதவிப் பெயர் அல்ல, செய்த வேலைதான் பேசும். உங்கள் கையெழுத்தில் உள்ள வவுச்சர்களின் நகலை இணையுங்கள்.

மில்காரர் மகள்:
அண்ணா, பிஎஃப் நிதியில் உள்ள பணம் இந்த வரிசைக்கே வராது, அதே திவால் சட்டத்தின் 36-வது பிரிவு அதை வெளியே வைக்கிறது. கிராஜுவிட்டிக்கும் தனி நிதி இருந்தால் அப்படித்தான். கம்பெனி அதற்குப் பணம் கட்டியதா என்று உங்கள் பேரேட்டிலேயே பாருங்கள். என் அப்பாவின் மில்லில் சம்பளத்தில் பிடித்ததைக் கட்டவே இல்லை, அவருக்குத் தெரிந்தபோது ரொம்பத் தாமதம்.

பழைய பேரேடு:
சரியாகச் சொன்னீர்கள் அம்மா. தம்பி, கலைப்பு தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் கிளெய்ம் படிவமான ஃபார்ம் ஈ லிக்விடேட்டருக்குப் போக வேண்டும். உலைக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பிரதிநிதி ஒருவர் ஒரே கிளெய்மாகவும் போடலாம். நிராகரித்தால் 14 நாளுக்குள் என்சிஎல்டியில் மேல்முறையீடு.

அம்பத்தூர்க் கணக்கர்:
இன்று 19-வது நாள். வருகைப் பதிவேடு சீல் வைத்த அறையில் இருக்கிறது. நகல் கேட்டு இப்போதே லிக்விடேட்டருக்கு மெயில் எழுதுகிறேன்.