எங்கள் சங்கத் தலைவரும் அவருடைய நீள நோட்டும்: மில்லில் பழகியவர்களின் நினைவுகள்

பதிலியாகச் சேர்ந்தவர், ஸ்பின்னிங் பகுதி

வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய படத்திறப்பு. மேடையில் எனக்குப் பேச வராது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பதிலி என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்கு முன்பே மில் வாசலில் போய் நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராவிட்டால் நமக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் தூக்குப்போசியில் கொண்டுவந்த சோற்றோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். 1986இல் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலை வாசலில் அப்படி நின்றவன் நான்.

மூன்றாவது மாதம் ஒரு காலையில், முழு நைட் முடிந்து தலைமுடியெல்லாம் பஞ்சாக வெளியே வந்த ஒருவர் என்னிடம், "தம்பி, போன மாதம் எத்தனை நாள் உள்ளே போனீர்கள்?" என்று கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "சம்பளச் சீட்டு இருக்கிறதா?" என்றார். கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "இனிமேல் கிழிக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை உருவி என் பெயரை எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வேலைக்குப் போன நாள்களையெல்லாம் வாரம் ஒருமுறை அவரிடம் ஒப்பிக்க வேண்டும்.

காரணம் பிறகுதான் புரிந்தது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் சட்டப்படி, 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியில் இருந்தவரை நிரந்தரமாக்கியாக வேண்டும். பதிலிக்கும் அது பொருந்தும். நிர்வாகத்துக்கும் இது தெரியுமல்லவா? அதனால் 400ஐத் தாண்டிய பதிலிக்கு வாசலில் திடீரென்று வேலை இல்லாமல் போகும். பக்கத்தில் நிற்கும் புதுப் பையனைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவார்கள். எனக்கு 431ஆவது நாளில் அப்படி நடந்தது. அவர் எங்கள் சம்பளச் சீட்டுகளையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தார் என்பதற்குக் கணக்கே இல்லை. மில் பதிவேட்டில் விடுபட்டிருந்த நாள்களுக்கு எங்கள் சீட்டுகள்தான் சாட்சி. கடைசியில் பதினோரு பேர் நிரந்தரமானோம்.

சங்கத் தலைவர் என்றால் வேலை செய்யாமல் சுற்றுகிறவர் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். 31 வருடம் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் நின்றவர் அவர். அவர் பார்த்த சைடில் அறுந்த இழை தொங்கி நான் கண்டதில்லை.

ஆண்டுதோறும் ஜனவரி 8ஆம் தேதி எங்களைச் சின்னியம்பாளையத்துக்கு அழைத்துப் போவார். 1946இல் அதே நாளில் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நான்கு பஞ்சாலைத் தொழிலாளர்களின் பெயரையும் சொல்லி மாலை போடுவார். அங்கே அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

என் பெயரை எழுதிய அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா என்று அவர் வீட்டில் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கோன் வைண்டிங்கில் இருந்தவர்

பத்து வருடம் முடித்து நின்றபோது எனக்குப் பணிக்கொடை 32,500 ரூபாய் என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அண்ணன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, "அம்மிணி, உன் மாதச் சம்பளம் 6,500. அதை 30ஆல் வகுத்திருக்கிறார்கள். 26ஆல்தான் வகுக்க வேண்டும்" என்றார். நாள் கூலி 250, வருடத்துக்குப் பதினைந்து நாள், பத்து வருடம். 37,500. அந்த ஐயாயிரத்தில்தான் என் மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தேன். கணக்கை அவர் போட்டுத் தரவில்லை. என்னையே மூன்று முறை போட வைத்தார்.

நிர்வாக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்

பேச்சுவார்த்தை மேசையில் நான் அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன். ஒரு தீபாவளிக்கு வெளியிலிருந்து வந்த தலைவர் ஒருவர் வாயிற்கூட்டத்தில் 25 சதவீத போனஸ் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். அடுத்துப் பேச வந்த இவர், "போனஸ் சட்டத்தில் உச்சவரம்பு 20. குறைந்தது 8.33. மில்லின் கணக்கைப் படித்துவிட்டேன். 12க்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை" என்றார். சொந்தச் சங்கத்து ஆட்களே கூச்சல் போட்டார்கள். 12க்குக் கையெழுத்தானது. அவர் ஒரு எண்ணைச் சொன்னால் எங்கள் மேலாளர் அதைச் சரிபார்க்கச் சொன்னதே இல்லை.

அவருடைய மகள்

அப்பா வீட்டில் சத்தமாகத்தான் பேசுவார். ரிங் பிரேம் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. தண்ணீர் வேண்டும் என்றால் மில்லில் செய்வது போலக் கையைக் காட்டுவார். பள்ளிக்குப் போகும் முன்பே எங்களுக்கு அந்தச் சைகைகள் அத்தனையும் தெரியும். அரை நைட் முடிந்து வந்தால் வாசற்படியிலேயே அம்மா துண்டால் அவர் மேல் இருக்கும் பஞ்சைத் தட்டிவிட்ட பிறகுதான் உள்ளே வர முடியும்.

வேலைநிறுத்தம் நடந்த வருடம், சங்கத்தில் திரட்டிய அரிசி எல்லோருக்கும் போன பிறகு மிஞ்சியதுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா அதில் கல் பொறுக்கிக்கொண்டே, "ஊரார் நாளையெல்லாம் எழுதுகிறீர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு வயது என்னவென்று தெரியுமா?" என்று கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. அப்பா பதில் சொல்லவில்லை. அன்று நானும் அம்மா பக்கம்தான்.

முதலில் எழுதிய அண்ணனுக்கு: நோட்டுகள் இருக்கின்றன. டிரங்குப் பெட்டியில் பதினேழு. நேற்று இரவு உங்கள் பக்கத்தைத் தேடி எடுத்தேன். 480க்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து எங்கள் கணக்கு ஆரம்பிக்கிறது. தம்பிக்குப் போட்ட தடுப்பூசிகள், என் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மாத்திரை தீரும் நாள். உங்களுக்கு வட்டம் போட்ட அதே தேதிக்கு அங்கே ஒரு வரி இருக்கிறது: "பாப்பாவுக்குக் காய்ச்சல் 101. இரவு விழித்திருந்தேன். காலை ஆய்வாளர் ஆபீஸ்."