ஹைப்போவா, குளோரெக்சிடினா? வேர் சிகிச்சையில் கனாலை, அதாவது பல் வேரின் உள்குழாயை, கழுவ எதை வைத்திருக்கிறீர்கள்?

புது_கிளினிக்:
தனியாக கிளினிக் போட்டு ஆறு மாதம் ஆகிறது. காலேஜில் 3% ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) கொடுப்பார்கள், கேள்வி கேட்காமல் விடுவோம். இப்போது நானே வாங்க வேண்டியிருப்பதால் ஒரே குழப்பம். 5.25% இல்லாமல் வேலைக்கு ஆகாது என்கிறார் ஒரு சீனியர், இன்னொருவர் ஹைப்போவே வம்பு, 2% குளோரெக்சிடின் போதும் என்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் விட்டேன். போன வாரம் ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லில் பேப்பர் பாயின்டை (ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சி) விட்டு எடுத்தால் நுனி செங்காவி நிறம். ரத்தம் மாதிரியும் இல்லை. என்ன அது?

வேர்_வைத்தியர்:
ரத்தம் இல்லை டாக்டர். உள்ளே ஹைப்போ இருக்கும்போதே குளோரெக்சிடினை விட்டிருப்பீர்கள், இரண்டும் சேர்ந்தால் அப்படித்தான் காவியாக மண்டி படியும், டென்டினின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல் அடுக்கு) நுண்குழாய்களை அடைக்கும், பல்லின் நிறமும் மாறலாம். அதில் பாராகுளோரோஅனிலின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறதா இல்லையா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மண்டி எனக்கு வேண்டாம்.
குளோரெக்சிடின் கிருமியைக் கொல்லும், டென்டினில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நாள் வேலையும் செய்யும், ஆனால் செத்த பல்ப்பை (பல்லுக்குள் இருக்கும் திசு) கரைக்காது. ஃபைல் (கனாலைச் சுரண்டும் மெல்லிய கம்பி) தொடாத இடுக்கில் கிடப்பதைக் கரைக்க ஹைப்போதான்.

மதுரைப்பல்:
சதவீதத்தைவிட, எத்தனை தடவை மாற்றுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். உள்ளே போன குளோரின் சீக்கிரம் செலவாகிவிடும். நான் 3%தான், ஒவ்வொரு ஃபைலுக்கும் புதிதாக 2 மில்லி. கடைசியில் ஸ்மியர் லேயர் (சுரண்டும்போது கனால் சுவரில் படியும் துகள் படலம்) போக 17% ஈடிடிஏ ஒரு நிமிடம். அதையும் ஹைப்போவோடு கலக்க விடாதீர்கள், குளோரின் காலி.
ஊசி பக்கத்துளை உள்ள 30 கேஜ், ஆழத்தைக் குறிக்கும் ஸ்டாப்பர் கனாலின் வேலை நீளத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்னால், ஊசி கனாலில் இறுகாமல் ஆட வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஊசி இறுகியது தெரியாமல் கட்டைவிரலால் அழுத்திவிட்டேன். பேஷண்ட் அலறினார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னம் வீங்கியது, மறுநாள் கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் நீலம். அதிலிருந்து ஆள்காட்டி விரல்தான்.

புது_கிளினிக்:
கண்ணாடித் துண்டில் இரண்டையும் ஒவ்வொரு சொட்டு விட்டுப் பார்த்தேன், அதே காவி! கனாலுக்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து அனுப்பியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறார். இப்போது என்ன செய்ய?

வேர்_வைத்தியர்:
ரப்பர் டேம் (பல்லைத் தனியாகப் பிரிக்கும் ரப்பர் திரை) போட்டு, மருந்தை எடுத்துவிட்டு, கடைசி ஃபைலை மறுபடி ஓட்டுங்கள். ஸலைன் விட்டு அல்ட்ராசோனிக் கருவியால் அதிரவிடுங்கள். அப்புறம் ஈடிடிஏ, திரும்ப ஸலைன். பேப்பர் பாயின்ட் வெள்ளையாக வந்தால் அடைக்கலாம். குளோரெக்சிடின் பாட்டிலை அன்றைக்கு அலமாரியிலேயே வையுங்கள்.