ராகியில மணல் கலந்திருக்கு, பிரிக்க வழி சொல்லுங்க

பாலக்கோடு பக்கத்துல இருந்து எழுதறேன். தை மாசம் அடிச்ச ராகி, வீட்டுச் செலவுக்குன்னு ரெண்டு மூட்டை வெச்சிருக்கோம், அரைச்சு களி கிண்டினா பல்லுல நறநறங்குது. அம்மாவுக்கு ஏற்கனவே பல்லு ஆடுது, பாதி உருண்டையிலயே எழுந்துடறாங்க, பாக்கவே மனசு கேக்கல.

முறத்துல புடைச்சா சொங்கு, உமி, தூசி எல்லாம் பறந்துடுது, மணல் மட்டும் அப்படியே நிக்குது. சல்லடையும் மாத்தி மாத்தி பாத்தாச்சு, ராகியே 1 மில்லிமீட்டர்ல இருந்து 2 மில்லிமீட்டர் தான், மணலும் அதே சைஸு, அப்புறம் எந்த ஓட்டையில பிரியும். மில்லுல கல்லு கொத்தினதால வர்ற பொடியோன்னு சந்தேகம் வந்து கல்லு இல்லாத மெஷின்லயும் அரைச்சேன், அப்பவும் நறநறப்பு போகல. காந்தம் வெச்சேன், இரும்புத்தூள் எதுவும் ஒட்டல. டம்ளர் தண்ணியில மாவை கலக்கி மேலாக்க சாய்ச்சு ஊத்திக்கிட்டே இருந்தா கடைசியில அடியில செவப்பா பொடிமணல் நிக்குது, அதனால களத்து மண்ணு தான், அதுல சந்தேகமே இல்ல.

அரிச்சா போகுது, மணல் கனம் ஜாஸ்திங்கறதால அடியில தங்கிடும், ஆனா ரெண்டு மூட்டையும் அரிச்சு காய வெக்கறது இந்த மழையில நடக்காது, ஈரம் நின்னா பூஞ்சை புடிச்சு மொத்தமும் வீணாயிடும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காத்தும் ஆட்டமும் குடுத்து கல்லு பிரிக்கிற டீஸ்டோனர் மெஷின்ல ரெண்டே மூட்டை ராகின்னாலும் ஓட்டித் தர்ற இடம் எங்க இருக்குங்க?