குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி: மலை ஊர்களுக்குத் தகவலை எப்படிக் கொண்டுபோவது?

கேட்டவர்: களப்பணிப் பெண்
வணக்கம். கொல்லிமலையில் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்களில் வேலை செய்கிறேன். குச்சிக்கிழங்கில் (மரவள்ளியில்) மாவுப்பூச்சி விழுந்து குருத்தெல்லாம் சுருண்டு கிடக்கிறது. இந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவியைத் தமிழ்நாட்டில் 2022 முதல் விடுகிறார்கள். விட்ட காட்டில், அதாவது கிழங்கு வயலில், மருந்தடித்தால் குளவி செத்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், துண்டறிக்கையும் கொடுத்தேன். இருந்தும் அடிவாரத்துக் கடையில் சொல்கிற மருந்தைத்தான் அடிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

மலைக்காட்டுக்காரன்
தங்கச்சி, நான் இந்த மலைதான். எங்க ஊர்ல மேட்டுல ஏறி நின்னாத்தான் டவர் கிடைக்கும். கடைக்காரர் மருந்தைக் கடனுக்குத் தர்றார், கிழங்கு வித்ததும் காசு வாங்கிக்கிறார். வாடின குருத்தைக் கொண்டுபோனா அங்கேயே பதில் சொல்றார். காகிதம் அவருக்கு ஈடாகாது.

ஒருத்தர் காட்டுல குளவி விட்டுட்டு, கொஞ்ச நாள் கழிச்சு அக்கம்பக்கத்தாரைக் கூட்டிட்டுப் போங்க. பூச்சியை எடுத்து உள்ளங்கையில வெச்சுக் காட்டுங்க. உயிரோட இருக்கறது மாவைத் துடைச்சா ரோஸ் நிறமா இருக்கும், நசுங்கும். குளவி முட்டை வெச்சது பழுப்பாகி விறைச்சுக் கிடக்கும். கண்ணால பார்த்தாத்தான் கை மருந்துக்குப் போகாது.

பொம்பளைங்க இல்லாம கூட்டம் போடாதீங்க. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமைன்னு விதை பிரிச்சு வெக்கறதே அவங்கதான். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க இங்க சாமைக்கு வேலை செஞ்சப்போ, குத்திப் புடைக்கிற பாடு தீர ஊருக்குள்ள மிஷின் வெச்சாங்க. பொம்பளைங்க தோள்வலி குறைஞ்ச பிறகு வரிசை விதைப்பு பத்தின பேச்சுக்கும் காது கொடுத்தோம்.

ஓய்வுபெற்ற விரிவாக்க அலுவலர்
அம்மா, நடவுக்குச்சியையும் சேர்த்துப் பேசுங்கள். இந்தப் பூச்சி ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் அதோடுதான். குச்சி வெட்டும் பருவத்துக்கு முன்பே, சோளக்காடு சந்தையில் பூச்சி பிடித்த குச்சியையும் நல்ல குச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பலாப்பழம் விற்க வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். வீட்டுக்கு வீடு போவதைவிட அதில் பலன் அதிகம்.

களப்பணிப் பெண்
நன்றி ஐயா. அண்ணா, குளவி விட்ட காட்டுக்கு மேல்பக்கத்துக்காரர் மருந்தடித்தால்?

மலைக்காட்டுக்காரன்
அதனாலதான் தனி ஆளோட பேசி முடிக்க முடியாது. முதல்ல ஊர்த்தலைவர் ஊர்க்கவுண்டரைப் பாருங்க. அவர் கூட்டினா அந்தச் சரிவுல காடு இருக்கிற எல்லாரும் வருவாங்க. குளவி விடற தேதியை அங்கயே எல்லாரும் சேர்ந்து வெச்சிடலாம்.