புதுப்பிப்பு: ஜோகூர் பாரு பொம்மைத் துப்பாக்கி

அக்கா மகனுக்கு மலேசியாவின் ஜோகூர் பாருவில் பார்த்த ஏர்சாஃப்ட் துப்பாக்கியை (பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மை) சிங்கப்பூருக்கு வாங்கி வரலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? வாங்கவில்லை. சிங்கப்பூரில் அதுவும் ஆயுதக் கணக்கில்தான். காவல்துறை அனுமதியின்றி எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டக் கூடாது.

அசல் துப்பாக்கி என்றால் கேட்கவே வேண்டாம். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாக வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் மரண தண்டனை. குண்டு யார் மேலும் படாவிட்டாலும் அதேதான். குறி தவறியது என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது.

“அப்போ உரிமமே கிடையாதா?” என்று கேட்டவர்களுக்கு: உண்டு, துப்பாக்கி சுடும் மன்றத்தில் சேர்ந்து அதை ஒரு விளையாட்டுத் துறையாகப் பயில்பவர்களுக்கு. ஆனால் அவர்களின் துப்பாக்கி அந்த மன்றத்தின் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கும், வீட்டு அலமாரியில் அல்ல. மருமகன் இப்போது அதில் சேரத் துடிக்கிறான். அக்காவிடம் யார் சொல்வது?