மருதமுனைக் கைத்தறிச் சாரி: 12,000 ரூபா பூஸ்ட், 410 லைக், 2 ஓடர். எங்கே பிழை?

தறிவீடு (மருதமுனை)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வீட்டோட நாலு தறி ஓடுது. பருத்திச் சாரிதான் கூட, கொஞ்சம் சாரமும் இருக்கு. இதுவரைக்கும் கடைகளுக்கு மொத்தமாக் குடுத்து வந்தம். பேஸ்புக்ல பேஜ் திறந்து போன மாசம் மூணு போஸ்ட்ட பூஸ்ட் பண்ணினன் (காசு கட்டிக் கூடப் பேருக்குக் காட்டுறது), மொத்தம் 12,000 ரூபா. 410 லைக், 63 மெசேஜ் வந்த. ஓடர் ரெண்டுதான், அதுலயும் ஒண்டு சி.ஓ.டி.யில (சாமான் கைக்கு வந்ததும் காசு குடுக்கிற முறை) திரும்பி வந்திட்டு. சாரி 4,800. நூல், சாயம், கூலி போக 1,500 நிக்கும். இன்னும் காசு போடுறதா, இல்ல இது நமக்குச் சரிவராதா? ஒருத்தர் 5,000 ரூபாவுக்கு 10,000 லைக் ஏத்தித் தாறன் எண்டு சொல்றார். அது உதவுமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

வணக்கம் தங்கச்சி. அந்த 10,000 லைக் வேண்டாம். காசு வீண் என்பது மட்டுமில்லை, பேஜுக்கே கெடுதல். அடுத்த போஸ்ட்டை பேஸ்புக் முதலில் உங்கள் பேஜில் இருப்பவர்களில் கொஞ்சப் பேருக்குத்தான் காட்டிப் பார்க்கும். அவர்கள் காசுக்கு ஏற்றிய கணக்குகளாக இருந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள், போஸ்ட் அங்கேயே படுத்துவிடும்.

மற்றதற்குப் பதில் சொல்ல நாலு விஷயம் தெரிய வேணும். மாதம் எத்தனை சாரி கைக்கு வரும், அதில் கடைகளுக்குப் போக மீதி எவ்வளவு? கடைக்குக் கொடுத்தால் சாரிக்கு எவ்வளவு நிற்கும்? பூஸ்ட் போடும்போது நோக்கம் என்று எதைத் தெரிவு செய்தீர்கள்? அந்த 63 மெசேஜையும் திறந்து யார் என்ன கேட்டார்கள், எத்தனை மணி நேரத்தில் பதில் போனது என்று எண்ணிச் சொல்லுங்கள். குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், எண்ணுங்கள்.

தறிவீடு (மருதமுனை)

எண்ணிட்டன் அண்ணன். ஒரு தறிக்குக் கிழமைக்கு மூணு சாரி, மாசம் 48 வரும். 30 கடைகளுக்குப் போகும், 18 மீதி. கடைக்குக் குடுத்தா ஒண்டுக்கு 700 நிக்கும். 63ல 41 பேர் "விலை?" எண்டு மட்டும் கேட்டிருக்காங்க. 9 பேர் வெளிநாடு, 6 பேர் மொத்த விலை கேட்டவங்க. மிச்சம் 7 பேர்தான் நிறம், அளவு கேட்டு ஒழுங்காக் கதைச்சவங்க. ரெண்டு ஓடரும் அந்த 7ல இருந்துதான். பதில் ராவையிலதான் போடுவன், அஞ்சாறு மணித்தியாலம் ஆகும். நோக்கம் அதுவாத் தெரிவு செய்தத அப்பிடியே விட்டுட்டன். இடம் முழு இலங்கை, வயசு 18 இருந்து 65, ஆண் பெண் எல்லாரும்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

இப்போ தெளிவு. உங்களுக்கு மாதம் வேண்டியது 18 ஓடர். அதற்கு மேல் வந்தால் கொடுக்கத் தறி இல்லை. ஆகவே லைக்கையும் ரீச்சையும் (எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பதையும்) பார்ப்பதை இன்றோடு விடுங்கள். இந்தத் தொழிலில் அளவுகோல் தறிதான்.

கணக்கைப் பாருங்கள். 12,000ஐ 63ஆல் பிரித்தால் ஒரு மெசேஜுக்கு 190 ரூபா போயிருக்கிறது. சாரிக்கு நிற்கும் 1,500இல் பெட்டி, பை, ஸ்டிக்கர் 90 என்று வைப்போம். கூரியர் 450 என்றும் (எடுப்பவர் கொடுப்பார், திரும்பினால் உங்கள் தலையில்), அனுப்பும் ஐந்தில் ஒன்று திரும்பும் என்றும் வைத்தால், அந்த ஒன்றின் நட்டத்தை (450உம் 90உம்) மற்ற நாலும் சுமக்க வேணும். எல்லாம் கழித்தால் விற்ற சாரிக்கு 1,275 அளவில் மிஞ்சும். ஒரு ஓடருக்கு விளம்பரச் செலவு அதைத் தாண்டினால் கையால் காசு போகிறது. பத்து மெசேஜில் ஒருவர் வாங்கினால் செலவு 1,900, அது நட்டம். ஆறில் ஒருவர் என்றால் 1,140, மயிரிழையில் தப்புவீர்கள். நாலில் ஒருவர் என்றால் 760. அந்த இடத்துக்குத்தான் வர வேணும்.

இனி சங்கடமான விஷயம் ஒன்று. 760இல் வந்தாலும் உங்களுக்கு மிஞ்சுவது 515. கடைக்குக் கொடுத்தாலே 700 நிற்கிறதே! முதல் சாரியில் விளம்பரம் கடையை வெல்லாது. வெல்வது இரண்டாவது சாரியில். அதே ஆள் திரும்ப வந்து, காசை முன்கூட்டியே வங்கியில் போட்டு வாங்கினால் விளம்பரம் இல்லை, திரும்பி வருவது இல்லை, 1,410 முழுதாக நிற்கும். அதனால் கடைகளை விடாதீர்கள். முதல் மூன்று மாதத்தை வாடிக்கையாளர் சேர்க்கும் காலம் என்று வையுங்கள். இலாபம் அதற்குப் பிறகு.

பெரியகல்லாறு_டிஜிட்டல்

அக்கா, பூஸ்ட் நோக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். தானாக விட்டால் பெரும்பாலும் லைக், கொமன்ட் போடும் பழக்கம் உள்ளவர்களைத் தேடித்தான் பேஸ்புக் காட்டும். அவர்கள் எல்லாவற்றுக்கும் லைக் போடுவார்கள், ஒன்றும் வாங்க மாட்டார்கள். 410 லைக் வந்த வழி அதுதான். அடுத்த முறை "மெசேஜ் பெறுதல்" என்பதைத் தெரிவு செய்து, மெசேஜ் போய்ச் சேரும் இடமாக வட்ஸ்அப்பைக் கொடுங்கள். பெண்கள், 25 முதல் 55 வயது. மூன்று போஸ்ட்டுக்குப் பிரித்துப் போடாமல் ஒரே விளம்பரம், நாளுக்கு 600 ரூபா, 14 நாள். மொத்தம் 8,400.

அதற்குள் கை வைக்க வேண்டாம். படத்தை, ஆட்களை, பட்ஜெட்டை அடிக்கடி மாற்றினால் யாருக்குக் காட்டுவது என்று பேஸ்புக் கற்றுக்கொண்டதை விட்டு முதலிலிருந்து தொடங்கும். இந்தக் கற்றல் முடிந்து விளம்பரம் நிலைப்பட ஏழு நாளுக்குள் 50 மெசேஜ் அளவு வர வேணும். உங்கள் பட்ஜெட்டுக்குக் கிழமைக்கு 22 அளவில்தான் வரும், ஆகவே ஏற்ற இறக்கம் இருந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் ஏழு வரும், அடுத்த நாள் ஒன்றும் வராது. ஒரு நாளை வைத்து முடிவெடுக்காமல் 14 நாள் முடிந்த பிறகு பாருங்கள்.

இடம்: மருதமுனையில் குத்தி 40 கிலோமீட்டர் வட்டம் போட்டால் பாதி வட்டம் கடலுக்குள் விழும். மிச்சப் பாதியில் இருப்பவர்கள் உங்கள் சாரியை கல்முனைக் கடையிலேயே பார்ப்பவர்கள். கைத்தறி கிடைக்காத இடத்தில்தான் அதற்கு மதிப்பு. கொழும்பு, கண்டி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று ஊர்களைத் தனித்தனியாகச் சேர்த்துப் பாருங்கள்.

சாயப்பட்டறை (காத்தான்குடி)

ராத்தா, 41 பேர் விலை மட்டும் கேட்டது விலையை நீங்கள் போடாததால். "விலைக்கு இன்பொக்ஸ்" என்று எழுதினால் வாங்க முடியாதவரும் கேட்பார், வாங்கக்கூடியவர் கேட்காமலே போவார். ஒவ்வொரு கேள்விக்கும் 190 ரூபா கொடுக்கிறீர்கள். படத்தின் மேலேயே 4,800 என்று பெரிதாகப் போடுங்கள். மெசேஜ் எண்ணிக்கை குறையும், ஒரு மெசேஜின் செலவு ஏறவும் கூடும். பயப்பட வேண்டாம், வருபவர் விலை தெரிந்து வருபவர்.

படம் எடுப்பதில் ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் மெரூன் வேறு சிவப்பாகத் தெரியும், பார்சல் போய்ச் சேர்ந்ததும் "இது அந்த நிறம் இல்லை" என்று திரும்பும். காலை எட்டு ஒன்பது மணிக்கு விறாந்தையில், நேர் வெயில் படாத நிழலில் எடுங்கள். முந்தானையை விரித்து ஒன்று. கரையை மட்டும் கிட்ட எடுத்து ஒன்று, பக்கத்தில் ஒரு பத்து ரூபாக் குற்றியை வையுங்கள், கரையின் அகலம் உடனே விளங்கும். துணியை விரலில் மடித்துப் பிடித்து ஒன்று, தடிப்புத் தெரிய. பிறகு தறியில் நாடா (ஊடு நூலைக் கொண்டோடும் கட்டை) ஓடும் 15 விநாடி வீடியோ, சத்தத்தோடு. மில் சாரி விற்பவரால் அதைக் காட்ட முடியாது.

பதில் அஞ்சு மணித்தியாலம் கழித்துப் போனால் அந்த ஆள் வேறு இடத்தில் வாங்கி முடிந்திருப்பார். வட்ஸ்அப் பிஸ்னஸில் விரைவுப் பதில்களை ஒருமுறை எழுதி வைத்தால் சாய்கோடு ஒன்று தட்டியதும் வரும். இப்படி:

"4,800 ரூபா. பருத்தி, 6 யார், சட்டைத் துணியும் சேர்த்து. மெரூன், கடும்பச்சை ரெண்டும் கையில இருக்கு. எந்த நிறத்துக்கு வீடியோ அனுப்ப?"

கடைசி வரி கேள்வியாக முடிய வேணும். "4,800" என்று மட்டும் போட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். "சாயம் போகுமா?" என்றும் கட்டாயம் கேட்பார்கள். கடும் நிறத்துக்கு முதல் தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடச் சொல்லுங்கள். கொஞ்சம் விடும் என்றால் விடும் என்றே சொல்லுங்கள்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

சி.ஓ.டி. பற்றி: பொருள் அனுப்புமுன் ஒரு கோல் எடுத்து முகவரியும் கிடைக்கும் நாளும் உறுதி செய்யுங்கள். முதல் தடவை வாங்குபவரிடம் கூரியர் காசு 450ஐ மட்டும் முன்கூட்டியே வங்கியில் போடச் சொல்லுங்கள். விளையாட்டுக்கு ஓடர் போட்டவர் அங்கேயே கழன்றுவிடுவார், மீறித் திரும்பினாலும் கூரியர் செலவு உங்கள் தலையில் விழாது. கூரியர் வசூலித்த காசு கைக்கு வரச் சில நாள் எடுக்கும் என்பதையும் நூல் வாங்கும் கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் ஓடர் இருக்கும், பாவு போட நூல் இருக்காது.

அந்த 9 வெளிநாட்டு மெசேஜை விடாதீர்கள். கட்டாரிலோ சவூதியிலோ இருந்துகொண்டு வீட்டாருக்கு வாங்கிக் கொடுப்பவராக இருக்கலாம். காசு அவர் அனுப்புவார், பார்சல் இங்கேதான் போகும். சி.ஓ.டி. தேவையே இல்லை.

தறிவீடு (மருதமுனை)

ஜஸாக்கல்லாஹ் ஹைரன், நன்றி. ரெண்டு கேள்வி. சிங்களத்திலயும் எழுதோணுமா? வாங்கினவங்கள எப்படித் திரும்ப வரச் செய்யிறது?

பெரியகல்லாறு_டிஜிட்டல்

சிங்களத்தில் பதில் எழுத வீட்டில் ஆள் இருந்தால் மட்டும், அக்கா. தமிழுக்குக் கீழே சிங்களம் எழுதினால் அது "மேலும் பார்க்க"வுக்குள் மறைந்துவிடும். இந்த 14 நாள் தமிழ், அடுத்த 14 நாள் சிங்களம் என்று போட்டு எது சாரி விற்றது என்று பாருங்கள். ஆசிரியைகளும் அலுவலகப் பெண்களும் சாரி வாங்குபவர்கள், அரச சம்பளம் விழும் 25ஆம் திகதியை ஒட்டி ஓடுவது போலத் தொடக்க நாளை வையுங்கள்.

திரும்ப வரச் செய்ய: பார்சலுக்குள் உங்கள் வட்ஸ்அப் இலக்கத்தை எழுதி, "சேவ் செய்தால் புது டிசைன் முதலில் உங்களுக்கு வரும்" என்று ஒரு துண்டு வையுங்கள். வட்ஸ்அப்பின் புரோட்காஸ்ட் பட்டியலில் (ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியல்) 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் இலக்கத்தைச் சேவ் செய்தவருக்கு மட்டும்தான் மெசேஜ் போகும். பலரும் இதைத் தெரியாமல் "அனுப்பினேன், ஒருவரும் பார்க்கவில்லை" என்பார்கள். மாதம் இரண்டு தடவைக்கு மேல் அனுப்பினால் புளொக் விழும். தைப்பொங்கல், பெருநாள், சித்திரை, தீபாவளிக்கு மூன்று கிழமை முன்னால் ஒன்று கட்டாயம்.

சாயப்பட்டறை (காத்தான்குடி)

ஒரு சின்ன விஷயம் ராத்தா. பேஜில் வட்ஸ்அப் இணைப்புப் போடும்போது முன்னால் உள்ள 0ஐ எடுத்துவிட்டு 94இல் தொடங்குங்கள். 0 இருந்தால் தட்டுபவருக்கு இலக்கம் பிழை என்று வரும், உங்களுக்கு அது தெரியவே வராது. போட்டதும் வேறு போனில் தட்டிப் பாருங்கள். அந்தக் கிழமைச் சாரி முடிந்துவிட்டால் விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள். இல்லாத சாரிக்கு மெசேஜ் வந்தாலும் 190 ரூபா போகும்.