பனிநிலையா, துளிநிலையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வானிலைப் பாடத்துக்கான சொற்பட்டியலில் 'டியூ பாயின்ட்', அதாவது காற்று குளிரும்போது அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, அதற்கான தமிழ்ச்சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பனிநிலை, பனிப்புள்ளி இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போகலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'துளிநிலை' என்று வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பனி என்ற சொல்லின் சுமை அதிகம். புல்நுனித் துளியும் பனி, துருவத்துப் பாறையும் பனி. பனிப்பாறை உருகுவதைப் பற்றிப் படித்த கையோடு 'காற்றின் பனிநிலை' என்ற தொடரைப் பார்க்கும் மாணவர் உறைநிலையைத்தான் நினைப்பார். புழுக்கமான நாளிலோ டியூ பாயின்ட் 25 டிகிரி செல்சியஸாகக்கூட இருக்கும். இந்த இடத்தில் குழம்பினால் மேகம், மூடுபனி, மழை எல்லாப் பாடங்களும் குழம்பும்.

செய்துகாட்டும்போது மாணவர் பார்ப்பது என்ன? பளபளப்பான உலோகக் குவளையில் நீரூற்றி, வெப்பமானியை வைத்து, ஐஸ் துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். ஒரு கட்டத்தில் குவளையின் வெளிப்புறம் மங்கும். விரலால் இழுத்தால் கோடு விழும். அந்த நேரத்தில் வெப்பமானி காட்டுவதே நாம் பெயர் தேடும் வெப்பநிலை. அங்கே கண்ணுக்குத் தெரிவது துளி. மேலெழும் காற்று குளிர்ந்து மேகமாவதும் துளியால்தான். தரை வெப்பநிலைக்கும் இந்த வெப்பநிலைக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 125 மீட்டர் என்று கணக்கிட்டால், திரள்மேகத்தின் அடிப்பகுதி எந்த உயரத்தில் இருக்கும் என்று சொல்லிவிடலாம். 30 டிகிரியும் 22 டிகிரியும் என்றால் சுமார் 1000 மீட்டர். இந்தக் கணக்கில் பனிக்கு என்ன வேலை?

'கண்கள் பனித்தன' என்கிறோமே, கொதிநிலை, உருகுநிலை போலப் பனிநிலையும் வினைத்தொகைதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். அருமையான வாதம், இலக்கணத்தில் பழுதில்லை. ஆனால் பனித்தலை வினையாக அறிந்த பள்ளி மாணவர் அரிது. துளிக்கும் நிலை துளிநிலை என்பதை விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று, பனி 'பெய்கிறது' என்கிறோம். லண்டனில் வாழ்ந்த மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், பனித்துளி வானிலிருந்து விழுவதில்லை என்று 1814-இல் விளக்கினார். எடைபோட்ட கம்பளித் துணுக்குகளை இரவில் புல்வெளியில் வைத்துப் பார்த்தவர் அவர். மேலே திறந்திருந்த மண் உருளைக்குள் வைத்த துணுக்கு, வெட்டவெளியில் கிடந்ததைவிட மிகக் குறைவாகவே நனைந்தது. பனி மழைபோல நேராக விழுவதானால் இரண்டும் ஒரே அளவு நனைந்திருக்க வேண்டும். வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து குளிர்ந்த பரப்பின் மேல், சுற்றியுள்ள காற்றின் நீராவியே துளியாகிறது. உருளையின் சுவர் அந்த வெப்ப இழப்பைத் தடுத்துவிட்டது. விழுதலோடு ஒட்டிக்கிடக்கும் சொல்லைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம்.

கொதிநிலை நீருக்குரிய பண்பு, இதுவோ நாளுக்கு நாள் மாறுவது; 'நிலை' என்று முடிக்கலாமா என்பது நியாயமான ஐயம். 'காற்றின் துளிநிலை' என்றே எப்போதும் எழுதினால் போதும். துளிநிலை 20 டிகிரி உள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய உச்ச அளவு நீராவியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பது), விடியலில் 22 டிகிரி வெப்பத்தில் 88 விழுக்காடு. பிற்பகல் 32 டிகிரியில் 49 விழுக்காடு. காற்றிலுள்ள நீராவி ஏறத்தாழ அதே அளவுதான். துளிநிலையைத் தனியே கற்பிக்க வேண்டிய தேவையை இந்த எடுத்துக்காட்டு உணர்த்தும் என்பதால் பாடத்திலேயே சேர்க்கலாம்.

0 டிகிரிக்குக் கீழே நீராவி நேரடியாகப் படிகமாகும் வெப்பநிலைக்கு 'உறைபனிநிலை' பொருந்தும்; அங்கே பனி தாராளமாக வரட்டும். மசகுப் பசை (கிரீஸ்) இளகிச் சொட்டும் வெப்பநிலைக்குப் பொறியியலார் துளிநிலையைக் கேட்கக்கூடும். அவர்களுக்குச் 'சொட்டுநிலை' என்று ஒதுக்கிவிடலாம். வேறு துறைகளில் மோதல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்